ஹார்ட் டிஸ்க் பழுதாகிறதா? பார்மட் அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

"விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு. பார்மட் அடிச்சு புதுசா ஓ.எஸ். போட்டா சரியாயிடும். நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க."

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் நம்மில் பலர் கேட்டிருக்கும் பேச்சு இது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். மறுநாள் லேப்டாப் நன்றாக ஓடுகிறது. ஆனால் அதற்குள் இருந்தவை எதுவும் இல்லை.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், கடைக்காரரின் இந்தக் கேள்விக்கு பதில் சொல்லாமல் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு திரும்பியது. அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப் அது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் பல லட்சம் மாணவ மாணவியருக்கு லேப்டாப் கிடைத்தது. இன்றும் பல வீடுகளில் பீரோவின் மேலோ, கட்டிலின் கீழோ அந்த லேப்டாப் இருக்கிறது. அந்த வீட்டிலும் அதைத் தினமும் யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் மூத்த மகளின் நிக்காஹ் படங்கள் அதில்தான் இருந்தன. மவுத்தாகிப்போன அத்தா பேரப்பிள்ளையிடம் பேசிச் சிரித்த ஒரு வீடியோவும் அதில்தான் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை.

வீட்டுத் தாயார் நம்மிடம் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, படம் மட்டும் வந்தாப் போதும். லேப்டாப் போனாப் போகட்டும்."

பழுதாகும் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி எவ்வளவு படித்தாலும் கடைசியில் வந்து நிற்கும் பாடம் இதுதான். முதலில் காப்பாற்ற வேண்டியது கம்ப்யூட்டரை அல்ல, அதற்குள் இருப்பதை. டிஸ்க்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அத்தாவின் குரலை வாங்க முடியாது. எனவே காப்பி முதலில், பழுது பார்ப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறும்போதுதான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

உள்ளே என்ன நடக்கிறது?

தமிழில் வன்தட்டு என்று எழுதப்படும் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே, கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. லேப்டாப்பில் உள்ளவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். அதாவது நொடிக்கு 90 சுற்று. டெஸ்க்டாப்பில் இருப்பவை பல நிமிடத்துக்கு 7200 முறை சுழலும். பழைய ரெக்கார்டு பிளேயரின் முள்ளைப் போன்ற ஒரு 'ஹெட்' அந்தத் தட்டின் மேல் இங்குமங்கும் ஓடி எழுதும், படிக்கும். ஒரு வித்தியாசம், இந்த முள் தட்டைத் தொடக் கூடாது. சில நானோமீட்டர் இடைவெளியில் காற்றில் மிதக்க வேண்டும். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் ஐம்பதாயிரம் நானோமீட்டருக்கு மேல் என்றால் இந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கீழே விழுந்தாலோ, ஓடும்போது பலமாகத் தட்டினாலோ, வயதாகி பாகங்கள் தேய்ந்தாலோ ஹெட் தட்டைத் தொட்டுவிடலாம். தொட்ட இடம் கீறலாகும். கீறலில் பெயர்ந்த துகள் உள்ளேயே சுற்றி மற்ற இடங்களையும் கீறும். அதனால்தான் பழுதான டிஸ்க்கை 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று திரும்பத் திரும்ப ஓடவிடுவது ஆபத்து. ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பதில் கொஞ்சம் போகிறது.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

1. வழக்கமாக ஓரிரு நிமிடத்தில் திறக்கும் கம்ப்யூட்டர் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்பது.

2. சில படங்கள் பாதிவரை தெரிந்து மீதி சாம்பல் நிறமாக இருப்பது. நேற்று திறந்த ஃபைல் இன்று திறக்காமல் போவது.

3. காப்பி செய்யும்போது குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் எப்போதும் நின்றுவிடுவது.

4. அடிக்கடி நீலத்திரை வருவது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 'டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன்' என்று விண்டோஸ் தானாகவே சொல்வது.

5. கம்ப்யூட்டரைப் போட்டவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் 'ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்' என்றோ 'பேக்கப் எடுத்துவிட்டு மாற்றுங்கள்' என்ற பொருளிலோ ஆங்கில எச்சரிக்கை வருவது.

6. டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்... டக்' என்று சீரான தட்டல் ஒலி, அல்லது கரகரவென்று உரசும் ஒலி.

முதல் ஐந்தும் 'நேரம் இருக்கிறது, ஆனால் குறைவு' என்பதற்கான அடையாளம். ஆறாவது அப்படியல்ல. தட்டல் ஒலியோ உரசல் ஒலியோ கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அதன்பின் வீட்டில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம்.

செய்யவே கூடாதவை

பார்மட் அடிக்கக் கூடாது; விண்டோஸை மறுபடி போடக் கூடாது. புதிதாக எழுதப்படும் விண்டோஸ், பழைய படங்கள் இருந்த இடத்தின் மேலேயே எழுதப்படலாம். அப்படி மேலெழுதப்பட்டதை எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

'செக் டிஸ்க்' ஓட்டக் கூடாது. கம்ப்யூட்டர் பழகியவர்கள் முதலில் செய்வது இதைத்தான். நல்ல டிஸ்க்கில் மின்தடையால் ஏற்படும் கோளாறுகளைச் சரிசெய்ய அது உதவும். ஆனால் பாகம் தேய்ந்த டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் ஒவ்வொரு மூலையையும் படித்து, திருத்தி எழுத முயலும். நோயாளியை ஓடவிட்டுச் சோதிப்பது போலத்தான் அது. காப்பி எடுத்த பிறகு வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள்.

டிஸ்க்கின் மூடியைத் திறக்கக் கூடாது. காற்றில் இருக்கும் ஒரு தூசு அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் நீர்த்துளி படியும், மிச்சமும் போகும். கையால் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

டிஸ்க்தானா, அல்லது கேபிளா?

பயந்துபோவதற்கு முன் இதையும் பார்த்துவிடுவது நல்லது. வெளியில் மாட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். கேபிளின் உள்ளே கம்பி அறுந்திருப்பது மிகச் சாதாரணம். பிறகு வேறு யூ.எஸ்.பி. துளையில், முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத் துளையைத் தவிர்த்து, பின்பக்கத் துளையில் நேரடியாக மாட்டுங்கள். முன்பக்கத்தில் சில நேரம் மின்சாரம் போதாது.

டெஸ்க்டாப்பின் உள்ளே இருக்கும் டிஸ்க் என்றால், மின்இணைப்பைக் கழற்றிய பிறகு இரண்டு கேபிள்களையும் எடுத்து மறுபடி அழுத்தி மாட்டிப் பார்க்கலாம். பல வருடத் தூசியில் கேபிள் தளர்ந்திருக்கும்.

இந்தச் சோதனைகள் தட்டல் ஒலி இல்லாத டிஸ்க்குக்கு மட்டும்தான்.

டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கை

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். அதைப் பழுதான டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் 'போர்ட்டபிள்' வகையைப் பென் டிரைவில் வைத்து ஓட்டுங்கள். நீல நிறம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். அதற்குக் கீழே வரிசையாக எண்கள் இருக்கும். அவற்றில் நான்கைப் பார்த்தால் போதும்.

எண் 5: கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் தன் உபரி இடத்தைப் பயன்படுத்திய கணக்கு.

எண் 197: படிக்க முடியாமல் தவித்து, இன்னும் முடிவு தெரியாமல் நிலுவையில் இருக்கும் இடங்கள்.

எண் 198: திருத்தவே முடியாதவை என்று டிஸ்க் கைவிட்ட இடங்கள்.

எண் 199: கேபிளில் தகவல் சிதைந்த கணக்கு. இது மட்டும் ஏறி, மற்ற மூன்றும் பூஜ்ஜியமாக இருந்தால் டிஸ்க்கைவிட கேபிளைச் சந்தேகியுங்கள்.

முதல் மூன்றும் பூஜ்ஜியமாக இருப்பதே நல்லது. இங்கே ஒரு குழப்பம் வரும். இந்த மென்பொருள் கடைசிப் பத்தியில் உள்ள எண்களை நாம் எழுதும் பத்தின் கணக்கில் காட்டாமல் பதினாறின் கணக்கில் காட்டும். '10' என்று இருந்தால் அது 16. மெனுவில் இதைப் பத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த அறிக்கையை எவ்வளவு நம்பலாம்? கூகுள் நிறுவனம் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. டிஸ்க்கின் மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழை இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். எனவே மஞ்சளைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. இரண்டாவது இதற்கு நேர்மாறு. செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதம், முக்கியமான நான்கு குறியீடுகளில் எதிலும் எச்சரிக்கை காட்டாமலே செத்துப்போயின. எனவே நீலத்தைக் கண்டு நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது.

கருணாபுரத்து லேப்டாப்பில் நாம் பார்த்தபோது மஞ்சள். 197-வது எண் பூஜ்ஜியம் இல்லை. தட்டல் ஒலி இல்லை. விண்டோஸில் கோளாறு என்று கடையில் சொன்னது முழுக்கத் தவறும் அல்ல. விண்டோஸ் இருந்த இடமும் கெட்டிருந்தது. ஆனால் அது நோயின் விளைவு, நோய் அல்ல. அதே டிஸ்க்கில் பார்மட் அடித்து விண்டோஸ் போட்டிருந்தால் சில வாரங்கள் ஓடியிருக்கும். படங்கள் முதல் நாளே போயிருக்கும்.

எதை முதலில் காப்பி செய்வது?

பழுதான டிஸ்க் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் காப்பியைத் தொடங்கும் முன் குடும்பத்தோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு தாளில் வரிசை எழுதுங்கள். 'இது போனால் திரும்பக் கிடைக்குமா?' என்பதுதான் கேள்வி.

திரும்பக் கிடைக்காதவை முதலில்: குடும்பப் படங்கள், வீடியோக்கள், குரல் பதிவுகள், ஹஜ், உம்ரா பயணப் படங்கள், கடையின் வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் புராஜெக்ட், ஜமாஅத் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தால் அவை.

சிரமப்பட்டால் கிடைப்பவை அடுத்து: ஸ்கேன் செய்த பத்திரங்கள், மருத்துவ அறிக்கைகள், பழைய கடிதங்கள்.

எளிதில் கிடைப்பவை கடைசியில்: ஆதாரை இணையத்தில் மறுபடி எடுக்கலாம். பட்டா, சிட்டாவை அரசின் இணையச் சேவையில் எடுக்கலாம். மதிப்பெண் சான்றிதழ் பலருக்கு டிஜிலாக்கரில் கிடைக்கும். சினிமா, பாட்டு, மென்பொருள் இவற்றுக்காக டிஸ்க்கின் கடைசி மூச்சைச் செலவழிக்க வேண்டாம்.

பலர் மறந்துவிடும் இடங்கள் சில உண்டு. டெஸ்க்டாப் திரையிலேயே போட்டு வைத்தவை, 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டர், டேலி மென்பொருளின் டேட்டா ஃபோல்டர். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் ஆவணங்கள் இருந்தால், அந்த எழுத்துரு ஃபைலையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் புதிய கம்ப்யூட்டரில் திறக்கும்போது தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

எங்கே காப்பி செய்வது?

"சி டிரைவ்தான் போச்சு, படமெல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு" என்று சொல்பவர்கள் ஏராளம். இது பெரிய தவறான நம்பிக்கை. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி, ஈ எல்லாம் ஒரே டிஸ்க்கைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகள்தான். வீடே இடியும்போது சமையலறையிலிருந்த சாமானைக் கூடத்துக்கு மாற்றி என்ன பயன்? காப்பி என்றால் அது தனியான இன்னொரு பொருளில் இருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ், வேறொரு கம்ப்யூட்டர், எதுவானாலும் சரி.

எப்படிக் காப்பி செய்வது?

*விண்டோஸ் திறக்கிறது என்றால்:* லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். சார்ஜரை மாட்டுங்கள். தானாகத் தூங்கும் அமைப்பை நிறுத்துங்கள். மொத்தமாக இழுத்துப் போடாமல் ஒரு ஃபோல்டர், பிறகு இன்னொரு ஃபோல்டர் என்று எடுங்கள். 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' மட்டுமே. ஒரு ஃபைலில் நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கெட்ட ஃபைலைத் தானே தாண்டிச் செல்லும் 'டெராகாப்பி' போன்ற மென்பொருள் இதற்கு உதவும். நல்லவற்றையெல்லாம் எடுத்து முடித்த பிறகு, விட்டுப்போனவற்றுக்குத் திரும்பி வரலாம்.

*விண்டோஸ் திறக்கவில்லை என்றால்:* இதனால் படங்கள் போய்விட்டன என்று பொருளல்ல. வேறொரு கம்ப்யூட்டரில் 'லினக்ஸ் மின்ட்' அல்லது 'உபுண்டு' என்ற இலவச இயங்குதளத்தை இறக்கி, 'ரூஃபஸ்' மென்பொருளால் 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தது அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பழுதான லேப்டாப்பில் அதை மாட்டி, பவர் பொத்தானை அழுத்தியதும் எஃப்12 அல்லது எஃப்9 விசையைத் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் (விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே ஓடும். 'இன்ஸ்டால்' பொத்தானை மட்டும் தொடாதீர்கள். இதிலுள்ள 'டிஸ்க்ஸ்' என்ற செயலியிலேயே ஸ்மார்ட் அறிக்கையையும் பார்க்கலாம்.

புதிய லேப்டாப்களில் 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கில் அது இருக்கும். உங்கள் லேப்டாப் நன்றாக இருக்கும் இன்றே அதைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

*பல இடங்களில் கெட்டிருந்தால்:* ஃபைல் ஃபைலாக எடுப்பதைவிட, டிஸ்க்கை முழுவதுமாக அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பது பாதுகாப்பு. 'ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ' என்ற லினக்ஸ் மென்பொருள் இதற்கென்றே உள்ளது. முதல் சுற்றில் நல்ல இடங்களை மட்டும் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு அவற்றுக்குத் திரும்பும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது பழைய டிஸ்க், எது புதியது என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். அதனால் பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

*ஃபைலைத் தவறுதலாக அழித்திருந்தால், அல்லது ஏற்கெனவே பார்மட் அடித்திருந்தால்:* அந்த டிஸ்க்கில் அதன்பின் எதையும் எழுதாதீர்கள். 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருள்களால் பல நேரம் மீட்கலாம். மீட்பவற்றை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக்கில் படம் வரும், ஆனால் பழைய பெயர் வராது. பொறுமையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குக் கொடுக்கும்போது

தட்டல் ஒலி வருகிறது, டிஸ்க் சுழலவே இல்லை, கீழே விழுந்தது, நனைந்தது. இந்த நான்கிலும் வீட்டு வைத்தியமும் வேண்டாம், சாதாரண சர்வீஸ் கடையும் வேண்டாம். தூசியற்ற தனி அறை வசதியுள்ள டேட்டா ரெக்கவரி நிறுவனம்தான் வழி. பெருநகரங்களில் இவை இருக்கின்றன. செலவு புதிய டிஸ்க்கின் விலையைப்போலப் பல மடங்கு ஆகலாம். அதனால் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: பார்த்துச் சொல்ல மட்டும் எவ்வளவு? டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? கிடைத்தவற்றின் பட்டியலைக் காட்டிய பிறகு பணம் வாங்குவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

'அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டினால் ஓடும்' என்று சிலர் சொல்வார்கள். இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொரு போர்டிலும் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பதிந்திருக்கும். வெறுமனே மாற்றினால் பெரும்பாலும் ஓடாது.

வாரண்டி இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு அல்ல. புதிய காலி டிஸ்க் வரும். பழையது பொதுவாகத் திரும்பி வராது.

நம் குடும்பங்களுக்கு முக்கியமான இன்னொரு விஷயம். அந்த டிஸ்க்கில் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. திருமண வீட்டுக்கு வந்த பிறர் வீட்டுப் பெண்களின் படங்களும் இருக்கின்றன. அவை நம்மிடம் உள்ள அமானிதம். கீபோர்டு, திரை போன்ற வேறு பழுதுக்காக லேப்டாப்பைக் கொடுக்கும்போது, டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். பல பழைய மாடல்களில் இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றினால் டிஸ்க் வந்துவிடும். டிஸ்க்கையே கொடுக்க வேண்டியிருந்தால், காப்பி எடுக்கும்போது வீட்டார் ஒருவர் உடன் இருக்கட்டும்.

நனைந்துவிட்டால்

2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களை எப்படி மூழ்கடித்தது என்பது நமக்கு மறக்காது. நனைந்த கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்க்காதீர்கள். டிஸ்க்கை வெயிலில் வைக்கவோ, அரிசியில் புதைக்கவோ வேண்டாம். பல டிஸ்க்குகளில் காற்றுக்கான சிறு துளை உண்டு. அதன் வழியே சேற்றுநீர் உள்ளே போயிருக்கலாம். காய்ந்தால் அழுக்கு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் மூடி, ரெக்கவரி நிறுவனத்துக்கு அனுப்புவதே சரி.

எஸ்.எஸ்.டி. என்றால் கவலை இல்லையா?

புதிய லேப்டாப்களில் சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வருகிறது. விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் அது சத்தம் போட்டு எச்சரிக்காது. நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலையில் கம்ப்யூட்டருக்கே தெரியாமல் போய்விடலாம். அதில் அழித்த ஃபைலை மீட்பதும் மிகக் கடினம். காலியான இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் வைத்தால் பதிந்தது மங்கவும் கூடும். எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்கும் காப்பி அவசியம்.

இனி இழக்காமல் இருக்க

உலகெங்கும் சொல்லப்படும் எளிய கணக்கு 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வீட்டுக்கு வெளியே. நம் வீட்டுக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், ஒன்று வளைகுடாவில் இருக்கும் மகனிடமோ, வேறு ஊரில் இருக்கும் மகளிடமோ, அல்லது இணையத்திலோ. கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜி.பி. இலவசம். முக்கியமான படங்களுக்கு அது தாராளம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், அதுவே பிரதி என்று நினைக்க வேண்டாம். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால்தான் அசல் தரம் இருக்கும்.

எப்போது காப்பி எடுப்பது? வருடத்தில் இரண்டு பெருநாட்களை நினைவில் வையுங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும் அந்த வாரத்தில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாட்டி, புதியவற்றைச் சேர்த்து, பழைய படம் நாலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பியை நம்ப முடியாது. வேலை முடிந்ததும் கழற்றி, உயரமான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யூ.பி.எஸ். மாட்டுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது டிஸ்க்குக்கு நல்லதல்ல. லேப்டாப்பை ஓடும் நிலையில் தூக்கிக்கொண்டு பைக்கிலோ பஸ்ஸிலோ ஏறாதீர்கள். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைப் பாதையில் ஏறுபவர்களுக்கு அந்தக் குலுக்கல் தெரியும். அணைத்துவிட்டால் ஹெட் தட்டை விட்டு ஒதுங்கிப் பாதுகாப்பாக நிற்கும்.

பழைய டிஸ்க்கை எறியும் முன்

காப்பி எடுத்தாயிற்று, டிஸ்க் மாற்றியாயிற்று. பழைய டிஸ்க்கை இரும்புக் கடையில் போடாதீர்கள். சாதாரணமாக வேகமாக அடிக்கும் பார்மட், புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது போன்றது. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். டிஸ்க் ஓடும் நிலையில் இருந்தால் முழு பார்மட் செய்து, இடம் முழுவதும் மேலெழுதுங்கள். ஓடவில்லை என்றால் தச்சரிடம் கொடுத்து, தட்டு வரை துளைக்கும்படி நாலைந்து இடத்தில் டிரில் போடச் சொல்லுங்கள். கண்ணாடித் தட்டு உடைந்து சிதறலாம்; கண்ணுக்குக் கண்ணாடியும், கைக்கு உறையும் அவசியம்.

கருணாபுரத்து வீட்டில் என்ன ஆயிற்று? ஓர் இரவும் மறுநாள் காலையும் ஆனது. நிக்காஹ் படங்கள் ஏறக்குறைய எல்லாம் வந்தன. அத்தாவின் வீடியோவைத்தான் முதலில் எடுத்தோம். அது முழுதாக வந்தது. வலீமா வீடியோ ஒன்றில் பாதி வரவில்லை. சில படங்கள் சாம்பல் நிறமாகவே இருந்தன. மதியத்துக்குமேல் டிஸ்க் தெரியாமல் போய்விட்டது. வரிசை எழுதாமல், முதலில் இருந்த சினிமா ஃபோல்டரிலிருந்து தொடங்கியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும், போனால் திரும்ப வராத படமோ, குரலோ எது என்று வீட்டாரிடம் கேளுங்கள். இன்று இரவே அதற்கு இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.